காரின் மூக்குக்குப் பூசிய கிரீஸ்

என் மருமகன் புதுக் கார் வாங்கிய நாளிலிருந்து அதன் மூக்கைப் பற்றித்தான் பேச்சு. முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன மடல்கள். வேகமெடுத்தால் தானாக மூடிக்கொள்ளுமாம். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்காது, பெட்ரோல் மிச்சம். இன்ஜின் சூடானால் தானாகத் திறந்துகொள்ளும். மீன் விற்க வந்தவளிடமும் இதைச் சொன்னார்.

"மாப்ளே, உங்க பேச்சக் கேட்டா என் காதுகூடத்தான் தானா மூடிக்கிடுது. அத எவன் மெச்சுதான்?" என்றேன்.

எங்கள் தெருவில் உப்புக்காற்றுக்குப் பயந்து படகு இன்ஜின், சைக்கிள் செயின், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசுவோம். அவர் வெளியே போன நேரம், குச்சியில் துணி சுற்றி அந்த மடல்களுக்கும் அப்பிவிட்டேன். அவை பிளாஸ்டிக் என்று யார் கண்டது?

மறுவாரம் மணப்பாட்டில் என் அக்கா செத்துப்போனாள். நாலு மணிக்கு அடக்கம். மருமகன் காரில் கிளம்பினோம். ஆறுமுகநேரி உப்பளம் தாண்டியதும் காரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால், கிரீஸில் உப்பும் புழுதியும் ஒட்டி மடல்கள் மூடியபடியே இறுகிக் கிடந்தன. இன்ஜினுக்குக் காற்றில்லை.

மருமகன் ஷோரூமுக்குப் போன் போட்டார். "நாம கைய வச்சா வாரண்டி போயிருமாம் மாமி. சாயந்தரம் ஆள் அனுப்புதாங்களாம்."

காரிலிருந்து என் குடையை எடுத்தேன்.

"எங்க அக்காவுக்கு எவன் வாரண்டி குடுத்தான்? சாயந்தரம் வரைக்கும் பெட்டியத் தொறந்தே வச்சிருப்பாவளா?"

"மாமி, கைய வைக்காதிய!"

கையை வைக்கவில்லை. குடைக்காம்பை விட்டு நெம்பினேன். மடல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. ஒன்று அவர் பெருமைக்கு, ஒன்று ஷோரூம்காரனுக்கு. கடைசி இரண்டு, பூசிய என் புத்திக்கு. தொங்கிய துண்டுகளைக் கையால் பிய்த்து எறிந்தேன்.

சூடு தணிந்து போய்ச் சேர்ந்தபோது சவப்பெட்டியை மூட மூடியைத் தூக்கிவிட்டார்கள். "ஏலே, நில்லுங்கல!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அக்காவின் கன்னத்தைத் தொட்டேன். கிரீஸ் விரல் அப்படியே பதிந்தது. சேலையால் துடைத்தும் போகவில்லை. மூடிவிட்டார்கள்.

மருமகன் இன்றைக்கும் சொந்தக்காரர் வீடெல்லாம் போய், "மாமி புதுக் கார உடைச்சிட்டாவ" என்கிறார். சொல்லட்டும். கிரீஸ் பூசியது யாரென்று நான் சொல்லப்போவதில்லை. குடை என் கையில் இருந்தபோது, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாரே, அதற்கு மடல்கள் முறிந்தது போதாது.