உதவாத சாமான் மாட்டிய சைக்கிள்

என் சைக்கிளைப் பார்க்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இதெல்லாம் எதுக்கு?" நாங்கள் குடியிருக்கிற லயத்தில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் கேட்கிறார்கள், ருவான்வெல்லை பஜாரில் முன்பின் தெரியாதவர்கள்கூட நிறுத்திக் கேட்கிறார்கள். முதலில் கொஞ்ச நாள் பதில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சிரித்து மழுப்பினேன். இப்போதெல்லாம் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். விடிகிற நேரத்தில் கத்தியோடு மலைக்குப் போய், மரத்தில் ஒரு கீறல் போட்டு, கீழே சிரட்டையை வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்கு மாற்றினார்கள். லயத்திலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம், அதுவும் வாளி இரண்டோடு. முழங்கால் தாங்கவில்லை. ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். என் வீட்டுக்காரர் கேரியரில் இரண்டு பக்கமும் வாளி தொங்கவிடக் கம்பி வளைத்துக் கொடுத்தார். அன்றைக்கு ஒரு ஆள் வாய் திறந்து எதற்கு என்று கேட்கவில்லை. வாளி தொங்குகிற சைக்கிள் எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

வினை தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். சந்தையை நாங்களும் சிங்களத்தில் பொல என்றுதான் சொல்வோம். அங்கே ஒருவர் படங்கு விரித்து சைக்கிள் சாமான் பரப்பியிருந்தார். கைப்பிடியில் மாட்டுகிற குஞ்சம் ஒரு சோடி, சிவப்பும் வெள்ளியுமாக, கையில் எடுத்து உதறிக் காட்டினார். "மேக கன்ன அக்கே, லஸ்ஸனய்." இதை வாங்குங்கள் அக்கா, அழகாக இருக்கிறது. அவ்வளவுதான். நெடுநாள் உழைக்கும் என்றோ பாரம் தாங்கும் என்றோ ஒரு பேச்சும் இல்லை. அழகு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி யாராவது என் கையில் ஒரு பொருளை நீட்டியது எனக்கு ஞாபகம் இல்லை. வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. சக்கரக் கம்பிகளில் கோக்கிற கலர் மணி வாங்கினேன், போகும்போது டிக் டிக் என்று விழும். டியூப் வால்வுக்கு மூடியாக இரண்டு சின்ன விளக்கு. சக்கரம் சுற்றினால் எரியும், ஆனால் அந்த வெளிச்சம் தரையில்கூட விழாது. பின்னால் வருகிறவர்களைப் பார்க்க இரண்டு கண்ணாடி. எங்கள் றோட்டில் பின்னால் யார் வரப்போகிறார்கள், காலைக் கடிக்கிற அட்டைதான் வரும். தேத்தண்ணிக் கோப்பை வைக்க ஒரு வளையம், வைத்தால் முதல் கல்லிலேயே கொட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக வேகம் காட்டுகிற மீட்டர். மேடு வந்தால் இறங்கித் தள்ளுவேன், பள்ளம் வந்தால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குவேன். மீட்டர் முள் பாதி நாள் சைபரிலேயே படுத்துக் கிடக்கும். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் வீட்டுக்காரருக்கு ரப்பர் ஷீட் புகைபோடுகிற இடத்தில் வேலை. வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிடுவார்.

"ஏ புள்ள, நகையெல்லாம் போட்டாச்சு. சைக்கிளுக்கு எப்ப கல்யாணம்?"

"ஒங்களுக்குப் பொறாமைங்க. ஒரு காத்தாடி வாங்கியாந்து ஒங்க தலையில கட்டிவிடவா?"

காத்தாடியும் வாங்கினேன். அவர் தலையில் கட்டவில்லை, ஹேண்டிலில் கட்டினேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் எங்கள் மலையில் மரத்துக்குக்கூடப் பொலித்தீனில் பாவாடை கட்டிவிடுகிறார்கள். ஏன், பால் தருகிறது. பால் நின்றால் மறுபேச்சில்லாமல் விறகுக்குப் போகும். என் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் வேலை செய்கிறது. கத்தி, வாளி, பூட்ஸ், மழைக்கோட்டு, அப்புறம் நான். ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்து மினுங்குகிற சாமான் ஒன்றாவது எனக்கு இருக்கக்கூடாதா? இதில் யாருக்கு என்ன நட்டம்?

கடைசியாக வாங்கியது ஹோர்ன். பற்றரி போட்டது, எட்டுப் பொத்தான், பொத்தானுக்கு ஒரு மெட்டு. அதில் ஒன்று பாண் ஆட்டோவின் மெட்டு. இந்த நாட்டில் பாண் ரொட்டி விற்கிற ஆட்டோ எல்லாம் ஒரே மெட்டைத்தான் போட்டுக்கொண்டு வரும். அது காதில் விழுந்தால் குளிக்கிறவர்கள்கூட ஈரத்துணியோடு ஓடி வருவார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சனிக்கிழமை பின்னேரம், லயத்து முகப்பில் வரும்போது சும்மா இருக்காமல் அந்தப் பொத்தானை அமுக்கித் தொலைத்துவிட்டேன்.

ஒரே வரிசையில் இருக்கிற இருபது வீட்டுக் காம்பராவின் கதவும் திறந்தது. பையோடு வந்தார்கள், தட்டோடு வந்தார்கள். ஒரு அக்கா தலையில் பாதி எண்ணெயோடு வந்தார். வந்து பார்த்தால் நானும் என் காத்தாடியும். "ஏண்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு!" என்று ஒரே ஏச்சு. அதுவும் பரவாயில்லை. அரை மணி நேரம் கழித்து உண்மையான பாண் ஆட்டோ வந்தது. மறுபடியும் நான்தான் என்று நினைத்து ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அந்த மனிதர் லயம் முழுக்க இரண்டு தடவை சுற்றிவிட்டு, ஒரு றாத்தல் பாண்கூட விற்காமல் போனார். போனவர் நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போய் முறையிட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது பீல்ட் ஒபிசர் ஐயா என் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள், என்னைவிட வயது குறைவு. கத்த மாட்டார். மரியாதையாகப் பேசியே ஆளைக் கொல்லுவார்.

"என்னம்மா உது? உதெல்லாம் என்னத்துக்கு?"

"சும்மாங்க ஐயா."

"சும்மாவோ? ஒரு மணி கழண்டு பாலுக்குள்ள விழுந்தா ஆர் பதில் சொல்லுறது? உதுகள் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி சைக்கிளைத் தோட்ட றோட்டில கொண்டு வரக்கூடாது."

தோட்ட றோட்டை விட்டால் மலைக்குப் போக வேறு வழி கிடையாது. அவருக்கும் தெரியும். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் சொன்னதில் பால் விஷயம் நியாயம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்குப் பின்னேரமே இரண்டு வாளிக்கும் மூடி தேடிப் போட்டேன். ஆனால் கழற்றுகிறதா? முடியவே முடியாது.

அடுத்த நாளிலிருந்து நடந்தேன். சைக்கிள் சகல அலங்காரத்தோடும் காம்பரா முன்னால் நிற்க, நான் இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தேன். இரண்டாம் நாள் முழங்கால் வீங்கியது. என் வீட்டுக்காரர் கோடாலித் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே கெஞ்சினார்.

"கழட்டி வச்சிரு புள்ள. ஞாயித்துக்கெழமைக்கு மாட்டிக்கிட்டு பஜாருக்குப் போ. யாரு கேக்கப் போறா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் நான் மனுஷியாங்க?"

அவர் தைலத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. ஒரு வாரம் அப்படியே நடந்தேன். ஐயா மோட்டார் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போவார். நான் குனிந்தும் பார்க்க மாட்டேன், நிமிர்ந்தும் பார்க்க மாட்டேன்.

எங்கள் பால் கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பத்தரை மணிக்குக் கங்காணி அதை இரும்பால் அடிப்பார். மூன்று மலைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றத் தொடங்குவோம். முந்தினால் பால் குறையும், பிந்தினால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். மழை இருட்டினால் மட்டும் நேரத்துக்கு முன்னாலேயே அடிப்பார்கள். ஒரு வியாழக்கிழமை காலையில் பார்த்தால் அந்தத் துண்டைக் காணவில்லை. எவனோ பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கென்று ஒன்பதரைக்கே மழை இருட்டியது. கங்காணியும் ஐயாவும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். எங்கள் மலைக்கு ஒரு சொல் கேட்கவில்லை, போனுக்கும் அங்கே சிக்னல் கிடையாது. மழை கொட்டி, சிரட்டையில் இருந்த பாலெல்லாம் தண்ணீரோடு போனது.

வெள்ளிக்கிழமைப் பிரட்டில் ஐயா என்னை முன்னால் கூப்பிட்டார். முகம் கொஞ்சம் கனிந்திருந்தது.

"அம்மா, நாளையில இருந்து சைக்கிளைக் கொண்டு வாங்கோ. பால் எடுக்கிற நேரம் மூண்டு மலைக்கும் கேக்கிற மாதிரி உந்த ஹோர்னை அடிச்சுக்கொண்டு ஒருக்கா சுத்தி வரவேணும். ஹோர்ன் இருக்கட்டும், அது உதவும். மற்றதுகளைக் கழட்டிவிடுங்கோ."

வரிசை முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. "பாத்தியா, ஒன் சாமானுக்கும் ஒரு வேல கெடைச்சிருச்சு!" என்று பக்கத்தில் நின்ற அக்கா என் விலாவில் இடித்தார். அவர் நல்லதாகத்தான் சொன்னார். எனக்கோ பொறுக்கவில்லை. என்னிடம் சும்மா இருந்த ஒன்றைக்கூடக் கண்டுபிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்டார்களே!

"ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க ஐயா," என்று சொல்லிவிட்டு லயத்துக்குப் போனேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஹோர்னைக் கழற்றினேன், அதை மட்டும். சைக்கிளில் ஏறி, குஞ்சம் பறக்க, மணி டிக் டிக் என்று விழ, காத்தாடி சுற்ற, பிரட்டு நடக்கிற இடத்துக்கு வந்து இறங்கினேன். ஹோர்னை ஐயாவின் கையில் வைத்தேன்.

"இந்தாங்க ஐயா. இது ஒதவுற சாமான். தோட்டமே வச்சுக்கட்டும்."

அவர் கையையும் பார்த்தார், சைக்கிளையும் பார்த்தார். "அப்ப மற்றதுகள்?"

"மத்தது எதுக்கும் ஒதவாதுங்க ஐயா. இதுககிட்ட யாரும் வேல வாங்க முடியாது. அதனால அது என்னுது."

நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர் முடியாது என்று சொன்னால் நான் நாளைக்கும் நடக்கத்தான் வேண்டும், சாகும்வரை நடக்கத்தான் வேண்டும். நடப்பேன் என்று அவருக்கும் ஒரு வாரமாகத் தெரியும்.

"வாளிக்கு மூடி போட்டிருக்கோ?" என்று கடைசியில் கேட்டார்.

"அன்னைக்கே போட்டாச்சுங்க ஐயா."

"சரி. போங்கோ, நேரம் போகுது."

போனேன். மேட்டில் இறங்கித் தள்ளினேன். மீட்டர் முள் சைபரில் இருந்தது.

பத்தரை மணிக்கு ஐயாவே மோட்டார் சைக்கிளில் ஹோர்னை அடித்துக்கொண்டு வந்தார். எந்த மெட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதே. மூன்று மலைக்கும் பாண் ஆட்டோ மெட்டு கேட்டது. "பாண் வந்திருச்சு!" என்று மலைக்கு மலை கத்தினார்கள். சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கினோம். இன்றுவரை அதே மெட்டுத்தான். இப்போது பால் எடுக்கிற நேரத்துக்கு எங்கள் தோட்டத்தில் பேரே பாண் நேரம்.

ஹோர்ன் இருந்த இடம் கொஞ்ச நாள் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த பொலவில் அதே மனிதரிடம் ஒரு திசைகாட்டி வாங்கி மாட்டினேன். ஹேண்டில் இரும்பு பக்கத்தில் இருப்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் முள் என் நெஞ்சைத்தான் காட்டும். போகிற றோட்டும் ஒன்றுதான், வருகிற றோட்டும் ஒன்றுதான், திசை எனக்கு எதற்கு?

திங்கட்கிழமை ஐயா அதைக் கண்டுவிட்டார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, குனிந்து பார்த்தார். "உது என்னத்…" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். நானாகவே சொன்னேன்.

"ஒண்ணுக்கும் இல்லைங்க ஐயா."