கொக்கின் வலது கால்

எங்கள் பணிமனையில் அவரைக் கொக்கு என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும். டீக்கடையில் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் இடது காலில் நின்றுகொண்டு, வலது காலை லேசாகத் தூக்கி வைத்தபடி குடிப்பார். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். அவர் ஓட்டுநர், நான் அதே பேருந்தில் நடத்துநர். அவர் என்னை மாப்ளே என்பார், நான் அவரை மாமா என்பேன். சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, வாயால் வந்த உறவு.

அவருக்கு இருந்தது சியாட்டிகா. பேரைக் கேட்டால் தொட்டியில் வளர்க்கும் பூச்செடி மாதிரி இருக்கும். இடுப்பில் பிடித்து, பின்தொடை வழியாக இறங்கி, குதிகால் வரை சுண்டி இழுக்கும் நரம்பு வலி அது. ஒரு தும்மல் வந்தால் போதும், மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். "வெறும் இடுப்பு வலிதானே" என்று சிலர் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்களை எல்லாம் ஒரே ஒரு நாள் எங்கள் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்பிரிங் செத்த இருக்கை, குண்டும் குழியுமான சாலை, கல்லாய்ப் போன கிளட்ச். நல்ல இடுப்பே நாறிப்போகும்.

மேலதிகாரிக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். பணிமனை வாசலில் ஒரு நாற்காலி உண்டு. உள்ளே வரும் வண்டிகளின் எண்ணை எழுதுகிற வேலை. கை கால் போனவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். "அதுல உட்கார வைக்கிறதுக்கு என்னைக் குழி தோண்டிப் பொதைச்சிடலாம் மாப்ளே" என்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது, வேறு ஒன்றும் பிடிக்கவும் பிடிக்காது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் அவரை நன்றாகத் திட்டி அனுப்பியிருந்தார். படுத்தே கிடக்கக் கூடாது, ஒரே இடத்தில் உட்காரவும் கூடாது, வலியோடு சண்டை போடாமல் அளவாக நடக்க வேண்டும் என்று. மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பர்ஸைப் பின்பாக்கெட்டிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றினார். குனிந்து கட்ட முடியாததால் ஷூவை விட்டுவிட்டு, வார் வைத்த செருப்புக்கு வந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதும், இருக்கைகளுக்கு நடுவே பழைய செய்தித்தாளை விரித்துக் குப்புறப் படுப்பார். இடுப்பைத் தரையில் பதித்து, கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் மெல்லத் தூக்குவார். சீக்கிரம் ஏறிவிட்ட பயணிகள் அவரைத் தாண்டிப் போவார்கள்.

"என்ன கண்டக்டர், டிரைவர் விழுந்துட்டாரா?"

"இல்லம்மா, நீச்சல் பழகுறார்" என்பேன். கீழே இருந்து மாமா என்னைக் கெட்ட வார்த்தையில் வைவார்.

பிறகு இறங்கி வண்டியைச் சுற்றி நடப்பார். மழை பெய்தால் குடையோடு நடப்பார். "வண்டி ஓடிடும்னு காவல் காக்குறியா?" என்று மற்ற ஓட்டுநர்கள் கிண்டலடிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார், சில நாள் பாதியில் வண்டியின் மேல் சாய்ந்து நின்றுவிடுவார். ஆனாலும் பலன் இருந்தது. வலி முழுதாகப் போகவில்லை, சொன்ன பேச்சைக் கொஞ்சம் கேட்டது. வருஷக்கணக்கில் அவர் வண்டி ஓட்டியது மருந்தால் இல்லை, அந்த நடையால்தான்.

அப்புறம் ஒரு மோசமான வாரம் வந்தது. சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாள் முழுவதும் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியதில் வலி கொன்று எடுத்தது. வீட்டில் அக்காதான், அவர் மனைவியைத்தான் சொல்கிறேன், கட்டிலிலிருந்து கைத்தாங்கலாகத் தூக்கி விட்டிருக்கிறார். அக்காவுக்கு அந்த வாரம் முழுக்க ஒரே வேண்டுதல்தான். அந்த வலி போனால் போதும்.

போனது. ஒரு காலையில் மாமா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

"போயிடுச்சு மாப்ளே! காலையில எழுந்தா, வலியே இல்ல. லேசா மதமதன்னு இருக்கு, அவ்வளவுதான். நடந்தது வீண் போகல பாரு."

எல்லாருக்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இனி கொக்கு என்று கூப்பிட முடியாதே, வேறு பேர் தேட வேண்டுமே என்று கிண்டல் செய்துகொண்டே வண்டியில் ஏறினேன். அவர் எனக்கு முன்னால் முன்படியில் ஏறினார். படியில் கால் கொஞ்சம் தட்டியது. சந்தோஷத்தில் தடுமாறுகிறார் என்று நினைத்தேன்.

சந்தை நிறுத்தத்தைத் தாண்டியதும் ஒரு பெண் என்னைக் கூப்பிட்டார். "கண்டக்டர், முன்படியில ஒத்தச் செருப்பு கிடக்குது. யாரோடதுன்னு பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். வார் அறுந்து, நரம்பு நூலால் தைத்த வலது செருப்பு. தைத்துக் கொண்டுவந்ததே நான்தான். சிரித்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி முன்னால் போனேன்.

"என்ன மாமா, வலி போன குஷியில செருப்ப உதறிட்டு வந்துட்டீங்களா?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலங்காத்தால விளையாடாதே. என் செருப்பு கால்லதான் இருக்கு."

நான் கீழே பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்காலாகப் பெடல் மேல் இருந்தது.

செருப்பை அவர் கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்த இடம் இன்னும் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. அவர் கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்து இழுத்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார்.

"எல்லாரையும் இறக்கி விடு."

"மாமா..."

"இறக்கி விடுடா. கால் இருக்கான்னே எனக்குத் தெரியல."

பயணிகள் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்தர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டார். அவரை அடித்திருப்பேன்.

பிசியோதெரபி பெண் அன்று அழாத குறை. "நடந்ததால இது வரல, நடந்ததாலதான் இத்தனை வருஷம் ஓட்டினீங்க. ஆனா வலி போய் மரத்துப் போச்சுன்னா அன்னைக்கே ஓடி வாங்கன்னு அப்பவே சொன்னேனே!" சொல்லித்தான் இருந்தார். வலி போவதே ஆபத்தாக இருக்கும் என்று எந்த மனிதனுக்கு மனசில் நிற்கும்? நரம்பு நசுங்கி முன்பாதம் தொங்கிவிட்டது. முதுகில் அறுவை சிகிச்சை செய்தார்கள். பாதத்தில் உணர்ச்சி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள்.

இப்போது அவர் அந்த வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். காலில், தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை. அதோடும் நடக்கிறார். வண்டிகள் வராத நேரத்தில் பணிமனை மதிலை ஒட்டிப் போய்த் திரும்புவார். யாரும் கிண்டலடிப்பதில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார், முகம் ஜன்னல் பக்கம். அக்கா அவர் காலடியில் உட்கார்ந்து, கட்டைவிரலைப் பிடித்து நகம் பதிய அழுத்திக்கொண்டிருந்தார். தினமும் இதுதான் வேலையாம்.

"வலிக்குதா?"

அக்கா இன்னும் பலமாகக் கிள்ளினார். "ஒரு தடவயாவது வலிக்குதுன்னு சொல்லுங்களேன்" என்றவர், முடியாமல் கையை எடுத்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஆங்... இப்போ, இப்போ வலிக்குது. மெதுவா அழுத்து."