ரேடியோவின் ஒருசந்தி

தையல் ஆலையில் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்த்து முத்திரை குத்துவது வேலை. வாய் அதுபாட்டுக்கு ஓடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முத்திரை விழுந்த ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. அதையும் அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். அங்கேயே மெஷின் பழுது பார்க்கும் அவள் கணவனுக்கு அந்தக் கதை மனப்பாடம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் ஒருசந்தி; ஒரு வேளைதான் சாப்பிடுவாள். இந்த வருஷம் சர்க்கரை வியாதி வந்து, பட்டினியே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாதா கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசி, "மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்கே திரும்புவாய்" என்று சாமியார் சொன்னது அவளுக்கு உறைத்தது.

"ஏங்க, வயித்தைக் காயப்போட முடியல. வாயைக் காயப்போடறேன். வேலை நேரத்துல வெட்டிப் பேச்சு கிடையாது."

"நாப்பது நாளா? நாப்பது நிமிஷம் தாங்கு, பாக்கலாம்" என்று சிரித்தான்.

தாங்கினாள். ஆலையே காதைக் குடைந்துகொண்டது.

மூன்றாம் வாரம், தவக்காலத்துக்கு முன்பு அனுப்பிய சட்டைகளில் இருநூறு திரும்பி வந்தன. எல்லாம் காலர் கோணல். சூப்பர்வைசர் நேரே காலர் தைக்கும் பெண்ணிடம் போனார். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம், வீட்டில் கைக்குழந்தை.

"ரேடியோ அக்கா கண்ணையே ஏமாத்தியிருக்கே. நாளையிலிருந்து வர வேண்டாம்."

அந்தப் பெண் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். பழுது பார்த்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தபோது, மனைவி எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"சார், அவ ஏமாத்தல. மெஷின் துணியை இழுக்குது, ஆளை வரச்சொல்லுங்கக்கான்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னா. கல்யாணக் கதை பேசிட்டிருந்த மும்முரத்துல மறந்துட்டேன். சட்டைக் கட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்காம முத்திரை குத்தினேன். தப்பு என்னோடது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எத்தனை வருஷமாகக் கட்டிய பெயர்! அதை அவளே எல்லோர் எதிரிலும் போட்டு உடைத்ததைக் கணவன் பார்த்தான். அவள் தலை குனியவில்லை.

அந்தப் பெண்ணின் வேலை தப்பியது. ரேடியோவிடமிருந்து முத்திரையைப் பிடுங்கி, தையல் மெஷினில் உட்கார வைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்: "உங்களுக்கும் தலைகுனிவாப் போச்சா?"

"நீ வருஷா வருஷம் ஒருசந்தி இருக்கறப்போ, பசியைத் தாங்கறதுல என்ன பெருமைன்னு நெனப்பேன்" என்றான் அவன். "இன்னைக்கு அவ என் பொண்டாட்டின்னு நாலு பேர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். ஏற்கெனவே தெரிஞ்சவங்ககிட்டயும் சொன்னேன்."

வேலை நேரம்தான் முடிந்துவிட்டதே. தெருமுனை தாண்டியதும் பேச ஆரம்பித்தவள், வீடு சேரும்வரை நிறுத்தவில்லை.