பூப்படங்களுக்கு ஒரு கட்டைவிரல்

ஓசூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் எனக்கு வேலை. உறவினர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையில் நான் செய்வது கூச்சலைக் குறைப்பது. சர்வர்கள் தும்மினாலும் எச்சரிக்கை அனுப்பும். அவற்றில் எது தும்மல், எது மாரடைப்பு என்று பிரித்து, தும்மல்கள் யார் கண்ணிலும் படாதபடி ஒதுக்க விதிகள் எழுதுவேன். போன வருடம் இதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அறிவித்த மின்னஞ்சலையும் என் விதியே ஒதுக்கிவிட்டதால், பக்கத்து மேசைக்காரி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணோடு என் கைப்பேசியைப் பார்த்தேன். பொம்மனஹள்ளியில் நான் தனியாக இருக்கும் வீட்டில் சத்தம் போடும் ஜீவன் அது ஒன்றுதான். வரும் செய்திகளை வகை பிரித்துத் தாளில் எழுதினேன். குடியிருப்புக் குழு: தண்ணீர் லாரி வருமா, வந்ததா, வந்தது என்றால் எங்களுக்கு ஏன் வரவில்லை. அலுவலகக் குழு: ஒரு "ஓகே", அந்த ஓகேவுக்குப் பதினோரு ஓகே. பள்ளித் தோழிகள் குழு: மாதக்கணக்கில் மயான அமைதி, யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் மழை. கடைசியாக, அம்மா.

அப்பா போன பிறகு அம்மா கிருஷ்ணகிரியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். தினமும் காலையில் எனக்கு ஒரு பூப்படம் அனுப்புவாள். தாமரையோ ரோஜாவோ, அதன் மேல் "இனிய காலை வணக்கம்". பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரல் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், சரியாக நான் மீட்டிங்கில் பேச வாயைத் திறக்கும்போது போன் வரும். "ஒடம்பு சரியில்லியாடி?"

பூப்படம் தும்மல் வகை என்று முடிவு செய்தேன். விதி எழுதினேன். அம்மாவிடமிருந்து படம் வந்தால் கொஞ்சம் பொறுத்து ஒரு கட்டைவிரல் தானாகப் போகும்; படம் என் கண்ணில் படாமல் ஒதுங்கும். பொறுக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும்படியும் அமைத்தேன். பாசத்தில் ஒரு ஒழுங்கின்மை இருக்க வேண்டும் அல்லவா?

பக்கத்து மேசைக்காரியிடம் காட்டினேன். இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண் அவள்.

"ஐயோ, பெத்த தாய்க்கே தானா பதில் போடற பாட் வெச்சியா? நல்லா இருப்ப போ," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க மாமியாருக்கு ஒண்ணு போட்டுக் குடேன்பா," என்றாள்.

அமைதி வந்தது. மிச்சமான நேரத்தில், சிதறிய கவனத்தை மீட்பது எப்படி என்று வீடியோக்கள் பார்த்தேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது.

அம்மாவின் ஒரு பழக்கத்தை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. மளிகைச் சீட்டில்கூட உச்சியில் பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் துவரம்பருப்பை எழுதுவாள். எதையும் மொட்டையாக ஆரம்பிப்பது அவளுக்கு ஆகாது. போனில் சுழிக்குப் பதில் பூ. சொல்ல வேண்டிய விஷயம் இருந்தால் பூவுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். என் விதி பூவைப் பார்த்ததோடு நின்றுவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை அம்மா போன் செய்தாள். "பொம்மனஹள்ளி ஸ்டாப்புல எறங்கிட்டன். வரியா, ஆட்டோ புடிக்கட்டா?"

ஓடினேன். ஓசூர் ரோட்டோரத்தில் இரண்டு பைகளோடும், போர்வையில் கட்டிய கிரைண்டரோடும் நின்றாள்.

"கிரைண்டர் எதுக்கும்மா?"

"உங்கூட்ல இன்னா அம்மிக்கல்லா கீது?"

ஆட்டோவில் அவள் வெளியே வேடிக்கை பார்க்க, நான் ஒதுக்கப்பட்ட பூக்களைத் திறந்தேன். தாமரைக்குக் கீழே: "ராத்திரில தனியா இருக்க பயமா இருக்கு. உங்கிட்டயே வந்துடட்டுமா?" அதற்கு என் கட்டைவிரல். மஞ்சள் ரோஜாவுக்குக் கீழே: "சித்தப்பாவுக்கு சுகர் ஏறி ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க." கட்டைவிரல். மல்லிகைக்குக் கீழே: "சனிக்கிழமை வரேன். வீட்டை காலி பண்றேன்னு ஓனர்கிட்ட சொல்லிடட்டுமா?" அதற்கும் கட்டைவிரல்.

என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஏறினாள். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"அம்மா, அந்தக் கட்டைவிரல் எல்லாம்..."

"நீ போடலன்னு தெரியும்டி."

"எப்படி?"

"ஒங்க சித்தப்பன் ஆஸ்பத்திரில கெடக்கறான்னா அதுக்கும் கட்டவெரலு. திட்லாம்னு இருந்தன். அப்பறம் ஒரு நாளு நீ தோச சுட்டுக்கினே பேசுன. ஒரு கைல கரண்டி, ஒரு கைல போனுன்னு நீதான சொன்ன? அப்ப டிங்குன்னு வருது கட்டவெரலு. உனக்கு இன்னா மூணு கையா?"

"தெரிஞ்சும் எதுக்கு அதுகிட்ட கேட்ட?"

"உன்னக் கேட்டா 'பாக்கலாம்மா'ம்ப. தீபாவளிலேர்ந்து பாத்துக்கினுதான் கீற. உம் மிஷினு பரவால்ல. கேட்டா சரிங்குது." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "ஆனா ஓனருகிட்ட இன்னும் சொல்லல. அத்த விட்டா எனக்குப் போக வேற ஊடு இல்ல. இத்த மிஷின வுட்டு சொல்லாத. நீ சொல்லு."

மனதுக்குள் தாளில் கோடு கிழித்தேன். இடது பக்கம்: ஒரே படுக்கையறை, மாடிப்படி, என் மீட்டிங்குகள், என் அமைதி. வலது பக்கம் எழுத எதுவும் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்து அவள் காத்திருந்தாள். மேசை மேல் கைப்பேசி அதிர்ந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"மாடி ஏற முடியலையேம்மா உன்னால."

"நான் மாடியக் கேக்கல."

கைப்பேசி அடங்கியது.

"ஓனர்கிட்ட சொல்லிடும்மா," என்றேன்.

"எம்மூஞ்சியப் பாத்து சொல்லு."

பார்த்து, இன்னொரு முறை சொன்னேன். அம்மா அப்போதே ஓனருக்குப் போன் போட்டாள். "எம்பொண்ணு வந்துருன்னு ஒத்தக் கால்ல நிக்குது, நான் இன்னா பண்றது?" என்று சலித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் தரைத்தளத்தில் ஏதாவது வீடு காலியிருக்கிறதா என்று விசாரிக்கக் கீழே இறங்கினேன்.