அண்ணன் முடிக்காமல் வைத்திருந்த கார்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இன்று வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதிக்கொள்வது. அண்ணனின் மூத்த மகன், "அத்தை, அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. பேய்க்கதையெல்லாம் வேணாம்லா," என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தான். நானும் தலையாட்டி வைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அந்தக் கதையை விட்டுவிட்டால் எல்லா மனிதருக்கும் பொருந்துகிற நாலு நல்ல வார்த்தைதான் மிஞ்சும். அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பினாங்குக்கு வடக்கே, குருண் ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில். ரப்பரைத்தான் நாங்கள் கித்தா என்போம். பால்மரம் வெட்டிய எங்கள் தாய் தந்தையர் இருவரும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டபோது அண்ணனுக்குப் பதினெட்டு வயது. தோட்டத்துத் தொழிற்சாலையில் எஞ்சின் ஒரு நாள் நின்றுபோனதாம். அண்ணன் காது வைத்துக் கேட்டுவிட்டுக் கோளாறு இன்ன இடத்தில் என்று சொன்னாராம். அன்றோடு வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தவர், எஞ்சின் வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பேச்சு குறைவு. கோபம் அதைவிடக் குறைவு. அந்தக் கோபமும் சேர்ந்து என் பங்குக்கு வந்துவிட்டது என்று என் கணவர் கேலி செய்வார். எனக்குத் திருமணம் செய்துவைத்த பிறகும் அண்ணன் எங்களைப் பிரியவில்லை. எஞ்சின் வீட்டுக்கு அடுத்த தகர வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம்.

தோட்டத்துச் சின்னத் துரையிடம் ஒரு கார் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, வேகத்துக்கென்றே செய்த கார். நீண்ட மூக்கு, தோல் வாரால் இழுத்துக் கட்டிய மூடி, கம்பிச் சக்கரம். பினாங்கில் யாரோ ஓட்டித் தேய்த்ததை வாங்கி வந்திருந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரைமார் ஓடிய அன்று, அந்தக் கார் பாலத்தருகே வழுக்கிக் கால்வாயில் இறங்கிவிட்டது. துரை திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வந்த லோரியில் ஏறிப் போனார். அண்ணனும் என் கணவரும் மாடு பூட்டி அதை இழுத்து வந்து எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் போட்டார்கள்.

அண்ணன் அதற்கு உயிரைக் கொடுத்து உழைத்தார். மக்கிப்போன தரைப்பலகையை எடுத்துவிட்டு, ரப்பர் அனுப்பும் பெட்டிப் பலகையை இழைத்துப் போட்டார். இருக்கைக்குத் தேங்காய் நார் திணித்தார். தொழிற்சாலை பெல்ட்டை வெட்டி பிரேக்குக்கு ஒட்டினார். பெட்ரோல் கண்ணில் படாத காலம். ஆகவே பின்பக்கம் ஒரு பீப்பாயைப் பொருத்தி, கரி எரித்து வரும் புகையில் எஞ்சின் ஓடும்படி மாற்றினார். கரிப்புகைக்கு வலு போதாது என்று எஞ்சின் தலையைக் கழற்றி, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து இறக்கினார். "துரை ஓட்டுனதவிட வேகமா ஓட்டிக் காட்றேன் பாரு," என்று என் கணவரிடம் சொல்வார். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லாத அந்த நாட்களில், அண்ணன் சிரித்ததென்றால் அந்தத் தாழ்வாரத்தில்தான்.

அதை ஒரு நாள் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த ஜப்பானிய அதிகாரி பார்த்துவிட்டார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். முடித்துத் தர வேண்டும், கார் தனக்கு என்றார். அப்போதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் காலம் தொடங்கியிருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் எழுதினார். என் கணவர் பெயர் முதல் பட்டியலிலேயே வந்தது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணன் பெயருக்கு எதிரே மட்டும் கிராணி ஒரு குறி போட்டிருந்தார். கார் முடிகிற வரை இந்த ஆளை அனுப்பக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

மூன்று மாதம் போனது, ஆறும் போனது. தப்பி வந்த ஒருவர், அங்கே ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள் என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து அண்ணன் காரை முடிக்காமல் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். கை சும்மா இருக்காது, நன்றாகவே வேலை செய்வார். பிறகு அவரே அதைக் கெடுப்பார். இறுக்கிய திருகாணியைத் தளர்த்துவார், அடைத்த ஓட்டையைத் திறந்துவிடுவார். தான் வளர்த்ததைத் தானே அடிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு செய்வார்.

எனக்கோ வேறு நெருப்பு. அரிசிக்கு வரிசையில் நின்றபோது கிராணியிடம் என் கணவரைப் பற்றிக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தக் காடி முடியட்டும்மா. ஆபீசருக்கு மனசு குளுந்துச்சுன்னா ஒரு சீட்டு எழுதிப் போடுவாரு, உன் வீட்டுக்காரன் வந்துருவான். ஆனா ஒண்ணு, காடி முடிஞ்சா உங்க அண்ணன் பேரு அடுத்த லிஸ்டுல வரும்." காரைத்தான் எங்கள் பக்கம் காடி என்போம். அது முடிந்தால் அண்ணன் போவார், முடியாவிட்டால் என் கணவர் வரமாட்டார் என்று எனக்குத் தெளிவாகவே புரிந்தது. இருபது வயதுப் பெண் நான். யாரை நினைத்திருப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு உச்சிவேளையில், யாரும் போகக்கூடாத அந்த நேரத்தில், தோட்டத்து எல்லையில் இருந்த முனியாண்டி கோயிலுக்குப் போனேன். சேலையில் ஒரு ஓரத்தைக் கிழித்து மஞ்சள் தடவிச் சூலத்தில் கட்டினேன். கணவர் வர வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து எத்தனையோ ஆண்கள் போயிருந்தார்கள், முனியிடம் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள் நான். நாக்கு எழவில்லை. அதனால், "அந்தக் காடி ஓடணும். ஓடுச்சுன்னா ஒரு சேவல் அறுக்கிறேன்," என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் தொடங்கியது. அண்ணன் தளர்த்தி வைத்த திருகாணிகள் இறுகியிருந்தன.

"பாப்பா, நீ காடியத் தொட்டியா?"

"நான் எதுக்குண்ணே தொடுறேன்? என் கையப் பாருங்க."

கை சுத்தமாகத்தான் இருந்தது. நான் தொடவில்லை என்பது சத்தியம். இரண்டு நாள் கழித்து, அவர் ஒழுகவிட்டிருந்த காரின் தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும். அதில் இருந்தது செம்மண் கலங்கிய ஆற்றுத் தண்ணீர். பக்கத்தில் ஆறே கிடையாது. ஒரு நாள் ஓட்டுநர் இருக்கை, யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்ததுபோல அமுங்கியிருந்தது. கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் பின்னியிருந்த சிலந்தி வலை மட்டும் அறுபடாமல் அப்படியே இருந்தது.

பிறகு சத்தம். வெளிக்காட்டில் புல் வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள், "அண்ணன் காடிய ஓட்டிப் பாத்தாரா? கித்தாக் காட்டுக்குள்ள சத்தம் கேட்டுச்சே," என்று வந்து கேட்டார்கள். அந்த நேரம் கார் இரண்டு சக்கரம் கழற்றப்பட்டுக் கட்டைமேல் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் எஞ்சின் மூடிமேல் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி சுட்டது. கரிப்பீப்பாயோ சாம்பல் குளிர்ந்து கிடந்தது. நான் கேட்டதைத்தான் யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. அண்ணனிடம் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

அண்ணன் காரை ஓட்டிப் பார்த்தார் என்ற பேச்சு கிராணி காதுக்கும் போய்விட்டது. அதிகாரி வருகிறார், சக்கரத்தை மாட்டி வை என்று ஆள் அனுப்பினார். அன்று மதியம் கிழங்கு தின்றுகொண்டிருந்தபோது, அண்ணன் விரல் நுனி அளவுள்ள கறுப்புத் துண்டு ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். எஞ்சினுக்குள் சுழன்று மின்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் துண்டு, ரோட்டர் என்பார்கள். "இது இல்லாம எவன் வந்தாலும் காடி கிளம்பாது. நீ வச்சுக்க பாப்பா. அப்புறம் அத என்ன செய்யறதுன்றது உன் இஷ்டம்," என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு அப்போது விளங்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் காலை வெயில் ஏறும் வேளையில் அதிகாரி, ஒரு சிப்பாய், கிராணி மூவரும் வந்தார்கள். சொன்னபடி அண்ணன் கரி மூட்டினார். பிறகு எஞ்சினைத் திறந்து, ரோட்டருக்கு மேலே இருக்கும் மூடியைக் கம்பிகளோடு கழற்றிக் கையில் எடுத்து, வெறும் இடத்தைக் காட்டினார். "இங்க இருக்க வேண்டிய சாமான் காணோங்க. பினாங்குலேருந்து வரணும். அது வராம கிளம்பாது," என்றார். கிராணி அதை மலாயில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. கிராணியின் கண் என் பக்கம் திரும்பியது.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். இதோ இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கணவர் முகம் கண்முன் நின்றது. கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சிப்பாயிடம் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரிப்புகையில் ஓடும் வண்டிபோல இருமவில்லை. துரை காலத்தில் பெட்ரோலில் உறுமுமே, அதே சத்தம். மூடி அண்ணன் கையிலேயே இருந்தது, கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. என் இடுப்பில் அந்த முடிச்சு சுட்டது, நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கிராணி இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

அதிகாரிக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "போஹோங்!" என்று மலாயில், பொய் சொல்கிறாய் என்று கத்திச் சிரித்தார். சாயங்காலம் திரும்பி வந்து உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சைகை காட்டினார். சிப்பாயை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகவே குருண் சாலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். எவ்வளவு வேகம் என்கிறீர்கள்! அண்ணன் சொன்னபடிதான் செய்து வைத்திருந்தார்.

சாயங்காலம் வந்தால் அண்ணன் தலை இருக்காது என்றுதான் காத்திருந்தோம். அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் இரண்டு சிப்பாய்கள் வந்து, கார் இங்கே வந்ததா என்று எங்களையே கேட்டார்கள். தாழ்வாரத்து எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். சாலையோரத்து மனிதர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: சத்தம் கேட்டது, காற்று அடித்தது, தூசி எழுந்தது, காரைக் காணவில்லை. எந்தக் கால்வாயிலும் எந்த மரத்தடியிலும் அது கிடைக்கவில்லை. அதிகாரி காரோடு எங்கேயோ ஓடிப்போயிருப்பார் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் அந்த மூடியும் ரோட்டரும் இன்றி அது ஓடியதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு மூன்று பட்டியல்கள் போயின. ஒன்றிலும் அண்ணன் பெயர் இல்லை. "அந்த வீட்டுப் பேர எழுத நான் ஆளில்லய்யா," என்று கிராணி சொன்னாராம். எங்கள் வீட்டு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். நான் வேண்டியபடி கார் ஓடிவிட்டது. நான் பெயர் சொல்லிக் கேட்காத மனிதர் வரவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பினார்கள். ஒவ்வொரு லோரியையும் போய் நின்று பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு காலையில் அண்ணன் எங்கிருந்தோ ஒரு சேவலைக் கொண்டுவந்து கட்டி, "முனியாண்டிக்கு ஏதாச்சும் பாக்கி இருந்தா முடிச்சிரு பாப்பா," என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அன்றே போய் அறுத்துவிட்டு வந்தேன்.

பிறகு சுங்கைப் பட்டாணிக்கு வந்தோம். அண்ணன் பட்டறையில் வேலை செய்தார், அண்ணியை மணந்தார், பாக்கார் ஆராங்கில் வீடு வாங்கினார். ஊரார் கார்களையெல்லாம் பழுது பார்த்தவர், கடைசிவரை சைக்கிளில்தான் போனார். என்னை ஒரு நாளும் வேறு வீட்டு ஆளாக நடத்தியதில்லை.

போன ஆண்டு ஆஸ்பத்திரியில், டாக்டர் கையை விரித்த பிறகு, ஒரு பிற்பகலில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உங்கள சயாமுக்கு அனுப்பினாலும் பரவால்லன்னுதாண்ணே அன்னைக்கு முனிகிட்ட கேட்டேன்."

"தெரியும் பாப்பா. காடி ஓடக்கூடாதுன்னு வேண்டிக்க நானும் போனேன். சூலத்துல உன் சேலைத் துணி கட்டியிருந்துச்சு. நீ கேட்டதுக்கு எதிரா நான் என்னத்தக் கேக்கிறது? ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் அந்தத் துண்ட என்கிட்ட குடுத்தீங்க?"

"நீ குடுத்துருவேன்னுதான் நெனச்சேன். மாப்பிள்ளைக்காகக் குடுத்தா தப்பில்ல. போறதுக்கு ஒரு சட்டைகூட மடிச்சு வச்சிருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ பேசாம நின்னியே, அதுக்கப்புறம் எனக்கு எந்தக் கஷ்டமும் சூசாவாத் தெரியல."

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்.

அவரை முகம் கோணாமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரித் தாதியருக்கும், தூக்கவும் துடைக்கவும் ஓடி வந்த அண்டை வீட்டாருக்கும், மலாய், சீன நண்பர்களுக்கும், இறுதிக் காரியம்வரை உடன் நின்ற கோயில் அன்பர்களுக்கும், அண்ணிக்கும், பிள்ளைகளுக்கும் என் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் வயதானவள் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி. சயாமுக்குப் போன என் கணவருக்கு நான் இதுவரை திதி கொடுத்ததில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. இன்று படையலில் இரண்டு இலை போட்டிருக்கிறேன். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று அவருக்கு. எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.