பன்னிரண்டு மணிப் பரீட்சை

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் தொண்டையிலிருந்து குழாயை எடுக்கிற நேரம்தான் என் வேலையில் எனக்குப் பிடித்த நேரம். அதுவரை இயந்திரம் விட்டுக்கொண்டிருந்த மூச்சை அவர் தானாக விடத் தொடங்குவார். இருமுவார். தண்ணீர் கேட்பார், அல்லது யாரையாவது வைவார். எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வைவார்கள். அந்த முதல் வசவைக் கேட்கிற ஆசையில்தான் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியூவில் இத்தனை வருடமாகச் சுவாச சிகிச்சையாளராகக் காலம் தள்ளுகிறேன்.

இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. நர்ஸா என்பார்கள், இல்லை என்றால் டாக்டரா என்பார்கள், அதுவும் இல்லை என்றால் முகத்தில் இருந்த மரியாதை இறங்கிவிடும். நோயாளிகளின் வீட்டார் எனக்கு வைத்த பெயர் ஆக்ஸிஜன் சிஸ்டர். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

நான் படித்திருந்தது டிப்ளமோ. அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் ஐசியூவின் பெரிய டாக்டர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல செய்தி இல்லை. ஆஸ்பத்திரியின் தரத்தைச் சோதிக்கிற அடுத்த ஆய்வுக்கு ஆள் வருவதற்குள், வென்டிலேட்டர்களின் பொறுப்பில் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. டிப்ளமோக்காரர்கள் கீழே வெளிநோயாளிப் பிரிவுக்குப் போய் நெபுலைசரில் மருந்துப் புகை கொடுக்கலாம், குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதிக்கலாம்.

“ஓபியில ஞாயித்துக்கிழமை லீவு. டென்ஷன் கிடையாது. நிம்மதியா இருக்கலாம் சிஸ்டர்” என்றார்.

“நிம்மதி வேணும்னு நான் எப்ப சார் உங்ககிட்ட மனு போட்டேன்?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு நின்றுபோய் வருகிறவர்களை விட்டுவிட்டு, சளி பிடித்தவர்களுக்குப் புகை கொடுத்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டுவதா? அந்த வாரமே, வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கான பட்டப்படிப்பில் சேர்ந்தேன். வகுப்பும் எழுத்துத் தேர்வும் ஆன்லைனில். செய்முறை அவரவர் ஆஸ்பத்திரியிலேயே.

படித்தது பெரும்பாலும் சமையலறையில். போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு காதில் பாடம், ஒரு காதில் குக்கர் விசில். கை வழக்கமாகச் செய்துகொண்டிருந்த பல காரியங்களுக்குப் பின்னால் இருந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. இதற்குத்தான் பெரிய டாக்டர் அன்று வென்டிலேட்டரின் அழுத்தத்தைக் குறைக்கச் சொன்னாரா என்று காய் நறுக்கும்போது உறைக்கும். புள்ளியியல் மட்டும் கடைசிவரை எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று தள்ளியே நின்றது. பாடம் எடுத்த ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘டியர் ஸ்டூடன்ட்ஸ்’ என்று ஆரம்பிப்பார்.

“போனுக்குள்ள இருந்து யாருளா உன்னைய சும்மா சும்மா டியர்ங்கான்?” என்று மாமி கேட்பார். மாமி என்பது என் கணவரின் அம்மா. மீன் வெட்டுவதிலும் வாயிலும் எங்கள் தெருவில் அவருக்கு நிகர் இல்லை. என் கணவர் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வருகிற படகில் வேலை பார்க்கிறார். அவர் பேச்சில் கஞ்சன். வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் மாமிதான் பேசுவார்.

கடைசிப் பரீட்சைவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கேமராவின் கண்காணிப்பில், நம் வீட்டிலிருந்தே எழுதுகிற பரீட்சை. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, திரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, வாய் அசையக் கூடாது. தொடங்குமுன் நாலு சுவரையும் காட்டச் சொன்னார்கள். மாதா படத்துக்குப் பின்னால் ஏதும் எழுதியிருக்கிறேனா என்று அதையும் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். காலையில் தொடங்கி மதியம் தாண்டி முடிகிற பரீட்சை. நன்றாக எழுதினேன். எழுந்து வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

முடிவு வருகிற நாளில் எனக்கு மட்டும் வரவில்லை. மெயில் வந்தது. பரீட்சை நேரத்தில் நான் இருக்கையை விட்டு எழுந்தேனாம். திரைக்கு வெளியே இருந்த ஒருவரோடு பேசினேனாம். கையால் சைகை காட்டினேனாம். இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து, யாரிடமும் காட்டாமல், அப்போதே பதில் போட்டேன். நான் எழவில்லை, பேசவில்லை, கையை அசைக்கவில்லை, உங்கள் இயந்திரத்துக்குத்தான் கண் கோளாறு. இதே சூட்டில்தான் எழுதினேன். எழுதியது சத்தியம் என்றும் நம்பினேன். விசாரணைக்கு நாள் குறித்து இன்னொரு மெயில் வந்தது.

விசாரணை என்றால், என் வீட்டு லேப்டாப்பில், வீடியோ காலில் மூன்று முகங்கள். அவர்களில் ஒரு அம்மாதான் பேசினார். குரலில் கடுமை இல்லை, நம்பிக்கையும் இல்லை.

“நீங்க எழுந்திருக்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இதைப் பாருங்க” என்று பதிவை ஓடவிட்டார்.

திரையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திடீரென்று எழுந்து நின்றேன். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று கை போனது. கண்ணை மூடினேன். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. மீண்டும் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல எழுத ஆரம்பித்தேன்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் தெரு மாதா கோயிலில் நண்பகலுக்கு மணி அடிக்கும். அடித்தால் எழுந்து நின்று மூவேளைச் செபம் சொல்வோம். கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் பேச்சு வருவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். நான் பெரிய பக்தி ஒன்றும் உள்ளவள் இல்லை. டியூட்டி என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே மட்டம் போடுகிறவள். ஐசியூவின் கண்ணாடிக்குள் மணியும் கேட்காது. ஆனால் வீட்டில் இருந்தால், மணி கேட்டதும் உடம்பு தானாக எழுந்துவிடும். கொட்டாவி விட்டதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

“யார்கிட்ட பேசினீங்க?” என்றார் அந்த அம்மா.

“மாதாகிட்ட.”

மணி அடித்ததைச் சொன்னேன். பதிவில் மணி இல்லையே என்றார்கள். உண்மைதான், இல்லை. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அமுக்கிவிட்டு அறைக்குள் பேசுகிற குரலை மட்டும் பிடிக்கிற ஏற்பாடாம் அது. நான் மனதுக்குள் சொன்ன செபத்துக்குக் குரலும் இல்லை. அவர்கள் பார்வையில், அமைதியான ஒரு அறையில் ஒரு பொம்பளை காரணமில்லாமல் எழுந்து யாருக்கோ சைகை காட்டியிருக்கிறாள். கேட்டதற்குப் பொய்யும் சொல்லியிருக்கிறாள்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நண்பகலுக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

“பன்னெண்டு மணி வரைக்கும் இருங்க மேடம். இது சாதாரண வீடியோ கால்தானே, உங்களுக்கும் கேட்கும்.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலில் தெருவைக் காட்டியபடி நின்றேன். மணி அடித்தது. எதிரே மீன் விற்க வந்த அக்கா சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று சிலுவை போட்டார். ஆட்டோவை ஓரம் கட்டிய டிரைவர் ஒரு காலை வெளியே வைத்துப் பாதி எழுந்தார். இரண்டு இளவட்டங்கள் போனைப் பார்த்தபடி நடந்துபோனார்கள், அதையும் மறைக்க முடியவில்லை. அடுக்களைப் பக்கம் திருப்பினேன். மாமி அரிவாள்மணைமுன் எழுந்து நின்று, மீன் செதில் ஒட்டிய கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் லேப்டாப் இருந்ததால் என்னால் சிலுவை போட முடியவில்லை. உதடு மட்டும் அதன் பாட்டுக்கு அசைந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

“நீங்க சொல்றதை நம்புறோம். காப்பியடிச்சதா எழுத மாட்டோம். ஆனா கேமரா முன்னால எழுந்தது எழுந்ததுதான், அந்தத் தாள் செல்லாது. இன்னொரு தடவை எழுதலாம். அதுலயும் இப்படி ஆச்சுன்னா படிப்பே ரத்தாயிடும், எங்க கையில இல்ல. மணி கேட்காத இடமாப் பார்த்து எழுதுங்களேன்.”

மணி கேட்காத இடம். ஆஸ்பத்திரியில் கேட்காதுதான், ஆனால் யாரும் நுழையாத அறை அங்கே ஏது? ஆலந்தலையில் என் அக்கா வீடு இருக்கிறது, வாசலிலேயே கோயில். கீழவைப்பாரில் கணவரின் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கும் அப்படித்தான். என் கணவர் அபூர்வமாக வாயைத் திறந்தார்.

“திருச்செந்தூர்ல ஒரு லாட்ஜ் எடுத்துருவோமா?”

“அங்க மட்டும் மணி இல்லையா? முருகனுக்கு உச்சிகால பூசைக்கு அடிப்பாங்க. மணின்னு கேட்டா நான் எந்திரிச்சிருவேன். அப்புறம் அந்த அம்மாகிட்ட எந்தச் சாமின்னு சொல்ல?”

அவர் விடவில்லை. “மணி அடிக்கிற கோயில்பிள்ளைகிட்ட சொல்லி, அன்னைக்கு மட்டும் கொஞ்சம் பிந்தி அடிக்கச் சொல்லுதேன்.”

ஒரு பரீட்சைக்காக ஊர் மணியைத் தள்ளிவைப்பதா? எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடவும் மாட்டேன், மணியைத் தள்ளிவைக்கவும் மாட்டேன், என் வீட்டில் என் மேசையில் உட்கார்ந்தே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ஐசியூவில் நாள் முழுக்க ஏதாவது ஒரு இயந்திரம் கத்திக்கொண்டே இருக்கும். எதற்கு ஓட வேண்டும், எதைக் கத்தவிட வேண்டும் என்று பழகியவள்தானே நான். இதையும் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

விடுமுறை நாட்களில் நண்பகல் நெருங்கியதும் புத்தகத்தோடு மேசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். முதல் நாள் மணி அடித்து முடிந்தபோது நின்றுகொண்டிருந்தேன். அடுத்த முறை உட்கார்ந்திருந்தேன், ஆனால் கை நெற்றிக்குப் போயிருந்தது. கையை அடக்கினால் உதடு அசையும். ஒருமுறைகூட முழுசாக ஜெயிக்கவில்லை.

மாமி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் அடுக்களையிலிருந்து வந்து நின்றார்.

“ஏளா, என்ன செய்யுத நீ?”

சொன்னேன்.

“மாதாவுக்கு எந்திரிக்காம இருக்கதுக்கா பழகுத? நல்லாயிருக்குளா உன் படிப்பு.”

அதற்குப் பிறகு மாமி என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைப்பார், பேச மாட்டார். அவர் வைதிருந்தால் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த வாய் மூடியிருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் சொன்னது தப்பு என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் பழகுவதை விடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. கதவைச் சாத்தினேன், சுவர்களைக் காட்டினேன், எழுதத் தொடங்கினேன். நண்பகலை நெருங்கும்போது நான் எழுதிக்கொண்டிருந்தது, ஒரு நோயாளியை வென்டிலேட்டரிலிருந்து எப்போது விடுவிக்கலாம் என்ற கேள்விக்கான பதில். அவர் மூச்சு சீராக இருக்கிறதா, இருமத் தெம்பு இருக்கிறதா, சொன்னால் தலையைத் தூக்குகிறாரா என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். மணி அடித்தது.

இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தினேன். முழங்கால் தானாக எழப் பார்த்தது. பல்லைக் கடித்து உதட்டை மூடிக்கொண்டு, விரல்களை எழுத்துகளின்மேலேயே வைத்து, அடுத்த வரியை எழுதினேன். மணி மும்மூன்றாக விட்டுவிட்டு அடிக்கும், அந்த இடைவெளியில்தான் செபம் சொல்ல வேண்டும். அந்த இடைவெளிகள் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. என் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்ன செபம். அதற்கு எழுந்திருக்காமல் நோயாளியின் இருமலைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தால் அதையும் சைகை என்பார்கள். துடைக்கவில்லை. கண்ணீர் தாடைவரை வழிந்து சொட்டியது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் எழுதினேன்.

அந்தத் தாளில் தேறினேன். பட்டம் வந்தது, ஆய்வும் வந்துபோனது. ஐசியூவின் வென்டிலேட்டர்கள் இன்று என் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. நேரம் முடிந்து, திரை அணைந்தபின் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எந்திரிச்சியாளா?”

“இல்ல மாமி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். முந்தானையை எடுத்து என் தாடையில் ஈரம் காயாமல் இருந்த இடத்தைத் துடைத்தார்.

“நீ எந்திரிக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். அதான் செபத்த நான் ரெண்டு தடவ சொல்லிட்டேன், உனக்கு ஒண்ணு. வா, சோறு ஆறுது.”