முத்தண்ணையின் பஸ் இல்லாத பயணம்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் செபமாலைமுத்து என்று விசாரித்தால் பாதிப்பேர் கையை விரிப்பார்கள். பஸ் முத்தண்ணை என்று கேளுங்கள், வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். தமிழ்க் கத்தோலிக்கப் பங்குச் சனம் லண்டனை விட்டு வெளியே கால் வைப்பதென்றால் முத்தண்ணை வேண்டும். மாதா யாத்திரையா, பிள்ளைகளின் கடற்கரைப் பயணமா, தூரத்தில் யாராவது செத்துப்போய் எல்லாரும் ஒன்றாகப் போகவேண்டுமா, எதுவென்றாலும் பஸ் பிடிப்பது அவர்தான். யாருக்கு முன் சீற், யார் வழியில் வாந்தி எடுப்பார், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் யாரை இருத்துவது, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். புதிய இடமென்றால் முந்தித் தனியாகப் போய்ப் பஸ் நிறுத்தும் இடத்தையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருவார். "கோயிலைப் பிறகும் கும்பிடலாம், கக்கூசை முதல் பாக்கோணும்" என்பது அவருடைய கொள்கை.

என்னத்தைச் சொல்ல! ஒரு பங்கையே ஏற்றி இறக்கத் தெரிந்த இந்த மனுசனுக்குத் தன் பெண்சாதியை மட்டும் கூட்டிக்கொண்டு அரை நாள் ஓரிடத்துக்குப் போகத் தெரியவில்லை.

பெண்சாதி பெயர் அருமைநாயகி. ஹொஸ்பிற்றல் சமையலறையில் காலை ஷிப்ட். முத்தண்ணைக்கு டகெனமில் ஒரு சாமான் களஞ்சியத்தில் இரவு ஷிப்ட். மகள் மரினா பிறந்த நாளிலிருந்து அதுதான் ஒழுங்கு. பிள்ளைகளை அந்நிய ஆட்களிடம் விடக்கூடாது என்று இருவரும் பேசி எடுத்த முடிவு அது. அவர் உள்ளே வர அவள் வெளியே போவாள். "சின்னவனுக்குக் காய்ச்சல், மருந்து பிறிட்ஜுக்குள்ள", "கறி அடுப்பில இருக்கு", "கவுன்சில்காரன் வருவான், கதவைத் திறவுங்கோ" என்று வாசலில் நின்றபடி நாலு வார்த்தை. அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் முக்கால்வாசி அந்த வாசலில்தான் நடந்தது. சண்டை பிடிக்க நேரம் கிடைக்காததால்தான் நாங்கள் பிரியாமல் இருக்கிறம் என்று முத்தண்ணை பகிடி விடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிப்பதில்லை.

பங்குப் பயணங்களிலாவது சேர்ந்து போனார்களா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டுப் பார்சல் கட்டுவது அருமைநாயகியின் பொறுப்பு. விடியவே எழும்பிப் புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்து, கட்டி அடுக்கி, பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஷிப்டுக்குப் போய்விடுவாள். பார்சலைப் பிரிக்கும்போதுதான் சனத்துக்கு அவள் ஞாபகம் வரும். "நாயகியக்கா வரேல்லையோ? பாவம்" என்பார்கள். பிறகு ஊறுகாய் எங்கே என்று கேட்பார்கள்.

இந்த வருடம் முத்தண்ணையின் முழங்கால் மக்கர் பண்ணியது. வேலையிடத்தில் அவரைப் பகலுக்கு மாற்றினார்கள். கலியாணம் கட்டி இத்தனை காலத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது, ஒரே நேரத்தில் நித்திரை வந்தது. புதினமாகத்தான் இருந்தது. ஆனால் பின்னேரம் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. "மழை வரும் போல" என்பார் அவர். "ஓம், வரும்" என்பாள் அவள். அதோடு கதை முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மரினா ரொறொன்ரோவிலிருந்து போன் எடுத்தாள். அவளுக்குத் தலைப்பிள்ளை பிறக்கப்போகிறது, அம்மா வந்து நிற்கவேண்டும், அரை வருடமாவது. அருமைநாயகி வேலையில் லீவு எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் பயணம். முத்தண்ணை "ஓம், போகத்தானே வேணும்" என்று சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போதுதான் மனுசியோடு இருக்கக் கிடைத்தது, அதற்குள் போகப்போகிறாளே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. அவள் போகுமுன் ஒரு அரை நாளாவது தானும் அவளும் மட்டும் எங்காவது இருக்கவேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வேலையிடத்தில் ஒருவர் புதிதாகத் திறந்த வெந்நீர்க் குள மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். கண்ணாடிக் கூரை, உள்ளே உயிருள்ள தென்னை மாதிரி மரங்கள், வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கதகதவென்று தண்ணீர், ஆவி அறை, சாய்ந்து படுக்கக் கட்டில். இதெல்லாம் முத்தண்ணைக்குப் பெரிதாகப்படவில்லை. போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம் என்றதும் மனுசன் நிமிர்ந்தார். அரை நாளுக்கு ஒருவராலும் கூப்பிட முடியாதாமே!

வழக்கம்போலத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கழிப்பறை சுத்தம். தரை வழுக்காது. அருமைநாயகிக்குப் பீனிசம், ஈரத்தலையோடு வெளியே வரக்கூடாது, ஆகையால் தலை காயவைக்கும் மெஷின் எங்கே என்று கேட்டு, அதைப் போட்டும் பார்த்தார். வரவேற்பில் நின்ற பெண் எத்தனை பேருக்கு என்று கேட்டாள். "மை வைஃப் அண்ட் மீ" என்றார். "ஆ, கப்பிளா?" என்று அவள் சிரித்தாள். முத்தண்ணைக்குக் காது சிவந்துவிட்டது. அப்பா, அண்ணை, மச்சான், பஸ்காரன் என்றெல்லாம் அவரைச் சொல்லியிருக்கிறார்கள். கப்பிள் என்று யாரும் சொன்னதில்லை. வரும் வழியெல்லாம் ட்ரெயினில் தனியே சிரித்துக்கொண்டு வந்தார்.

விம்பிள்டனில் இருக்கும் மகன் றொஜன் இன்டர்நெற்றில் இடம் பதிந்து தருவதாகச் சொல்லியிருந்தான். முத்தண்ணை லிங்கை எடுத்து, கீழே தன் கையால் எழுதினார்: "உள்ளுக்குள்ள வெந்நீர்க் குளம். அரை நாள். புதன் காலமை போய்ப் பின்னேரம் திரும்பலாம். பார்த்துச் சொல்லவும்." அனுப்பினார். தேத்தண்ணி போடப் போனார்.

அனுப்பியது மகனுக்கு அல்ல. வட்ஸ்அப்பில் எப்போதும் மேலே நிற்பது பங்குப் பயணக் குழு. இத்தனை வருடமாக லிங்க் என்றாலே அவர் கை போய் அமத்தும் இடமும் அதுதான். எழுதிய விதமும் அசல் பஸ் அறிவித்தல். சனம் வேறு எப்படி நினைக்கும்?

தேத்தண்ணி ஊற்றி முடிவதற்குள் போன் துடிக்கத் தொடங்கியது. "அண்ணை, நாங்கள் நாலு பேர்." "அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, வெந்நீர் நல்லம், முன்னுக்கு ரெண்டு சீற்." "பஸ் எங்கயிருந்து வெளிக்கிடுது?" "போகேக்க செபமாலை சொல்லுறமோ, வரேக்கயோ?" எல்லாவற்றுக்கும் மேலாக ஃபாதர்: "நல்ல முயற்சி அண்ணை. நானும் வாறன்."

முத்தண்ணை கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"அப்பா, ஜஸ்ட் டெல் தெம்" என்றான் றொஜன் போனில். "பிழையா அனுப்பிட்டன் எண்டு சொல்லுங்கோ."

"எப்பிடியடா சொல்லுறது? பிறகு ஆருக்கு அனுப்பினது எண்டு கேப்பினம். நானும் கொம்மாவும் தனியப் போறம் எண்டு சொல்ல ஏலுமே? இந்த வயசில! ஃபாதரும் வாறன் எண்டிட்டார்."

வெட்கத்துக்குப் பயந்து மனுசன் குறுக்கு வழி பார்த்தார். வெளிச் சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள் என்று குழுவில் போட்டார். பஸ்ஸுக்குள் வைத்துச் சாப்பிடலாம் என்று பெனிற்றா பதில் போட்டாள். பெனிற்றா மாதர் சங்கத்துத் தலைவி, அவளை ஒன்றிலும் மடக்க முடியாது. நீச்சல் உடுப்பு கட்டாயம் என்றார். கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற உடுப்பு ஈஸ்ட் ஹாம் கடையில் இருக்கிறது, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் எடுப்போம் என்றாள் அவள். புதன்கிழமை வேலை நாள் என்றார். சனிக்கிழமைக்கு மாற்றுங்கோ, இன்னும் ஆட்கள் வருவினம் என்று வந்தது. அவர் தடுக்கத் தடுக்க பஸ் நிரம்பிக்கொண்டே போனது.

பின்னேரம் அருமைநாயகி வேலையால் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, நேரே குசினிக்குள் போய் மேல் தட்டிலிருந்து பெரிய சட்டியை இறக்கினாள்.

"இஞ்சேருங்கோ, இந்த முறை எத்தினை பார்சல்? தண்ணிக்குள்ள நிண்டிட்டு வந்தால் சனத்துக்கு நல்லாப் பசிக்கும். இடியப்பம் கட்டட்டே?"

முத்தண்ணை சட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். "நீரும் வாறீர்தானே?" என்றார்.

"நான் என்னத்துக்கு? சாப்பாட்டைக் கட்டித் தந்தால் காணும்தானே. நீங்கள் சனத்தைக் கவனமாக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ."

கோபமில்லை, குத்தலுமில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை. தன்னை விட்டுவிட்டு மற்றவர்கள் போவது அவளுக்கு இவ்வளவு பழகிப்போய்விட்டதே! அந்த இடத்திலேயே வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டியைக் கழுவிக் கொடுத்தார். அட, கழுவிக் கொடுக்கிற சாட்டிலாவது சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுசன்!

ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் மண்டபத்தில் தேத்தண்ணிக்குக் கூடினார்கள். அருமைநாயகி குசினி யன்னலடியில் நின்று றோல்ஸ் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் மைக்கைப் பிடித்து, "இப்ப முத்தண்ணை வெந்நீர்ப் பயணத்தைப் பற்றிச் சொல்லுவார்" என்றார். கைதட்டினார்கள். முத்தண்ணை முன்னே போனார். பயண நேரத்தையும் பஸ் நிற்கும் இடத்தையும் சொல்லத்தான் போனார், சத்தியமாக. யன்னலடியில் மனுசி குனிந்து தட்டை நிரப்புவது கண்ணில் பட்டது. நேரம், இடம் எல்லாம் மறந்துபோயிற்று.

"அது வந்து... அந்தப் பயணம் பங்குப் பயணம் இல்லை" என்றார். "மகனுக்கு அனுப்ப வேண்டியதை மாறி உங்களுக்கு அனுப்பிட்டன். அது நானும் என்ர மனுசியும் போறதுக்கு."

எல்லாரும் கப்பைக் கையில் பிடித்தபடி அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒருநாளும் ஒரு இடமும் போனதில்லை. நான் வர அவ போவா, அவ வர நான் போவன். இப்ப கனடாவுக்குப் போறா. அதுக்கு முன்னம் ஒரு அரை நாள் அவவோட இருக்கோணும் எண்டு எனக்கு ஆசை. ஒருத்தரும் கோவிக்காதேங்கோ. உங்களுக்குப் பிறகு வேற பஸ் போடுறன்."

முதலில் சிரித்தது பெனிற்றாதான். "ஐயோ அண்ணை! முதலே சொல்லியிருந்தா நாங்கள் ஏன் கரைச்சல் தரப் போறம்?" என்று கத்தினாள். கத்தினவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பிறகு மண்டபமே சிரித்தது. ஃபாதர் மைக்கை வாங்கி, "அண்ணை, தயவுசெய்து என்ர பேரை முதல் வெட்டிவிடுங்கோ" என்றார். விசிலடித்தவர்களும் உண்டு, பூசை முடிந்த மண்டபத்தில்!

முத்தண்ணை குசினி யன்னலைப் பார்த்தார். றோல்ஸ் தட்டு இருந்தது. அருமைநாயகி இல்லை. கோட் கொழுவியிலும் அவளுடைய கோட் இல்லை. வெளியே ஓடினார். முழங்கால் நோவு அந்த நேரம் எங்கே போனதோ தெரியாது.

அவள் பஸ் தரிப்பில் தனியே நின்றாள். கிட்டப் போனதும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்கென்ன விசரே? மைக்கில நிண்டு, ஃபாதருக்கு முன்னால... இனி நான் எப்பிடிக் கோயிலுக்குப் போறது?"

"வேற எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல நாயகி."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?" குரல் உடைந்தது. "மகனுக்குச் சொல்லியிருக்கிறியள், இப்ப பங்குக்கே சொல்லிப்போட்டியள். ஊரெல்லாத்துக்கும் தெரியும். என்னை ஒருத்தரும் கேக்கேல்ல. வாறியோ எண்டு என்னை ஒரு வார்த்தை கேட்டியளே?"

உண்மைதான். பஸ் நிறுத்தும் இடத்திலிருந்து தலை காயவைக்கும் மெஷின்வரை எல்லாம் விசாரித்தவர், விசாரிக்க வேண்டிய ஆளை விசாரிக்கவில்லை. இத்தனை வருடமும் ஆட்களுக்கு இடம் ஒதுக்கிப் பழகிய மனுசன் அவளுக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான். வெட்கமும் துக்கமும் ஒன்றாய் வந்தன. பார்க்கிங் ரோட்டில், போகிற வருகிற சனத்துக்கு நடுவில், அவளுடைய கையைப் பிடித்தார். அதுவும் அவர் முன்பு செய்ததில்லை.

"நாயகி, என்னோட வாறீரோ? நாங்கள் ரெண்டு பேரும் மட்டும்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய பஸ் வந்து, கதவு திறந்து, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போனது. இருவரும் ஏறவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாறன்" என்றாள். பிறகு அவரை நேரே பார்த்துச் சொன்னாள், "ஆனால் அரை நாள் எனக்குக் காணாது."